வியட்நாம் போர்: ஒரு நாடு இரண்டாகப் பிரிந்த கதை

ஊர்வலம் என்றால் எம்மவர் பலருக்கு இன்னும் பயம். ஊர்வலத்துக்குப் போன பிள்ளை வீடு திரும்புமா என்று தாய்மார் படலையடியில் காத்து நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. இங்கு கனடாவிலோ வீதியில் பதாகை பிடித்துப் போகிறவர்களையும், அவர்களைத் திட்டியபடி காரில் போகிறவர்களையும் ஒரே நாளில் காண்கிறோம். 'இது என்ன நாடு?' என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். பக்கத்து நாடான அமெரிக்கா வியட்நாம் போர்க் காலத்தில் பட்ட பாட்டை அறிந்தால் இது ஓரளவு விளங்கும். அந்தக் கதையில் கனடாவுக்கும் பங்குண்டு.

யார் பிள்ளை போருக்குப் போனது?

1964 ஆகஸ்ட் 7ஆம் திகதி அமெரிக்க கொங்கிரஸ், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதி ஜோன்சனுக்கு அதிகாரம் கொடுத்தது. கீழ்ச்சபையில் ஆதரவு 416, எதிர்ப்பு ஒன்றுமில்லை. செனற் சபையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். மக்களில் பெரும்பாலானோரும் ஆரம்பத்தில் போரை ஆதரித்தார்கள். 1965 மார்ச்சில் டானாங் கடற்கரையில் படைகள் இறங்கின. 1969இல் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் 5 இலட்சத்து 43 ஆயிரம் பேர்.

இத்தனை பேரை எங்கிருந்து எடுத்தார்கள்? கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குத் தவணை கிடைத்தது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தி, எங்களைப்போல தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போன பிள்ளைகளுக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. இந்த அநீதியைப் பற்றிப் பேச்சு வலுத்ததும், 1969 டிசம்பர் 1ஆம் திகதி பிறந்த நாட்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதல் விழுந்தது செப்டம்பர் 14. அன்று பிறந்த வாலிபர்களின் தாய்மார் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை எமது தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பு வளர்ந்தது

1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் இரவிரவாகக் கூடிப் போரைப் பற்றி விவாதித்தார்கள். 1967 ஏப்ரல் 4ஆம் திகதி மாட்டின் லூதர் கிங் நியூயோர்க்கில் போரைக் கண்டித்துப் பேசினார். அதுவரை அவரைப் புகழ்ந்த பெரிய பத்திரிகைகளே அவரைச் சாடின. அதே மாதம் குத்துச்சண்டை வீரர் முகமட் அலி படையில் சேர மறுத்தார். அவரது பட்டம் பறிபோனது. 5 வருடச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நடந்தபடியால் அவர் சிறைக்குப் போகவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது.

1968 தொடக்கத்தில் நடந்த 'ரெற்' தாக்குதலின் பின், 'வெற்றி கிட்டிவிட்டது' என்ற அரசாங்கத்தின் பேச்சை நம்புவோர் குறைந்தனர். மார்ச் 31ஆம் திகதி, தான் மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஜோன்சன் அறிவித்தார்.

மக்களுக்குள் பிளவு

அடுத்து வந்த நிக்சன் 1969 நவம்பரில், வீதிக்கு வராத 'மௌனமான பெரும்பான்மை' தன் பக்கம் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 1970 மே 4ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் 13 விநாடிகள் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தனர். 9 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களில் இருவர் ஆர்ப்பாட்டத்திலேயே சேராதவர்கள். அதன்பின் எடுத்த கருத்துக் கணிப்பொன்றில் 100க்கு 58 பேர் மாணவர்களையே குற்றம் சொன்னார்கள். படையினரைக் குற்றம் சொன்னவர்கள் 11 பேர்தான்.

நான்கு நாட்களின் பின் நியூயோர்க்கில், இறந்த மாணவர்களுக்காகக் கூடியவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் அடித்தார்கள். சுமார் 70 பேர் காயப்பட்டனர். நானும் ஒரு தொழிலாளி. அந்த அடிதடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தன் மகனோ தம்பியோ போர்க்களத்தில் நிற்கும்போது, தவணை கிடைத்த ஒருவன் கொடியை எரித்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1971 ஏப்ரலில் போருக்குப் போய் வந்தவர்களே நூற்றுக்கணக்கில் வோஷிங்டன் வந்து தங்கள் பதக்கங்களை எறிந்தபோது, 'இவர்கள் கோழைகள்' என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கனடாவுக்கு வந்தவர்கள்

படைக்குப் போக மறுத்த பல்லாயிரம் அமெரிக்க வாலிபர்கள் எல்லை தாண்டி இங்கு வந்தார்கள். 1969 மே மாதம், வருகிறவர்களின் இராணுவக் கடமை பற்றி எல்லை அதிகாரிகள் பார்க்கத் தேவையில்லை என்று கனடா அறிவித்தது. ஜனாதிபதி காட்டர் 1977 ஜனவரியில் படைக்குப் போக மறுத்தவர்களுக்கு மன்னிப்பு அளித்தார். ஆயினும் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். மகனின் முகத்தில் முழிக்க மாட்டேன் என்ற தகப்பன்மாரும் இருந்தார்கள்.

1975இல் சாய்கோன் விழுந்தது. அமெரிக்கர் 58 ஆயிரம் பேரும் வியட்நாமியர் பத்து இலட்சத்துக்கு மேலும் இறந்திருந்தார்கள். பிறகு வள்ளங்களில் வந்த அகதிகளும் இந்த நாட்டுக்கே வந்தார்கள். 1979, 1980 ஆகிய இரு வருடங்களில் மட்டும் இந்தோசீன அகதிகள் சுமார் 60 ஆயிரம் பேரைக் கனடா ஏற்றது. என் வேலைத்தலத்தில் அப்படி வந்த குடும்பத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ஊர்வலம் போன அமெரிக்கர்களை அவர் வாழ்த்துவதில்லை. 'அவர்கள் போரை வெறுத்தார்கள், சரி. ஆனால் எங்களை மறந்தார்கள்' என்பார். போரை எதிர்த்தவர்கள் எல்லோரும் கடைசியில் சரியென்று கதையை முடிக்க அந்த அக்கா விடுவதில்லை.

எமக்கு இதில் என்ன?

2009 மே 10ஆம் திகதி எம்மவர் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுப் பாதையில் இறங்கினார்கள். ஊரில் உறவுகள் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பாதை மறிபட்டதற்காகக் கோபித்தவர்களும் உண்டு, அதன்பிறகுதான் எங்கள் துயரத்தை அறிந்தவர்களும் உண்டு. எங்கள் வீடுகளிலேயே, 'போயிருக்கக் கூடாது' என்கிற அண்ணனும் 'போகாமல் இருந்தால்தான் பிழை' என்கிற தம்பியும் இன்றும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

வாசகர்களே, அமைதியாகக் கூடுவதும் கருத்தைச் சொல்வதும் கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தில் எழுதப்பட்ட உரிமைகள். வழக்கு முடியாதவர்கள் ஒரு வார்த்தை சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. போகிறவர் போகட்டும், போகாதவரைத் துரோகி என்று சொல்ல வேண்டாம். போகாதவரும் போகிறவரை முட்டாள் என்று சொல்ல வேண்டாம். வியட்நாம் போர் 1975இல் முடிந்தது. அமெரிக்காவில் சில வீடுகளில் தகப்பனும் மகனும் பேசாமலே செத்துப்போனார்கள். போர் எங்களிடம் பறித்தது போதும். மிச்சமிருக்கும் சகோதரத்தையும் நாமாகக் கொடுத்துவிடக் கூடாது.