வேர்டில் சொடுக்கினால் திறக்காத இணையதளம்

வண்டிப்பெரியாரில் நம் குடும்பங்கள் பலவும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. உதவித்தொகைச் சுற்றறிக்கை வேர்டு கோப்பாக வருகிறது. அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால் பிழைச் செய்தி. அல்லது ஏற்கெனவே உள்நுழைந்திருந்தும் மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. தளம் பழுது என்று விட்டுவிட்டால் கடைசி நாள் போய்விடும்!

காரணத்தைச் சொல்கிறேன். பெரிய தலைவர்கள் செல்லும் ரயிலுக்கு முன்னால் பைலட் எஞ்சின் ஓடிப் பாதையைப் பார்ப்பதை ரயில்வேயில் கண்டிருக்கிறேன். விண்டோஸ் கணினியில் வேர்டும் எக்செலும் அப்படித்தான். இணைப்பைப் பிரவுசரிடம் கொடுக்குமுன், பல சமயம் தாமே தளத்துக்குப் போய்ப் பார்க்கின்றன. நீங்கள் உள்நுழைந்ததற்கு அடையாளச் சீட்டான 'குக்கி' பிரவுசரிடம்தான் உண்டு, வேர்டிடம் இல்லை. சீட்டில்லாத வேர்டைத் தளம் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்புகிறது. வேர்டோ அந்தப் பக்கத்தின் முகவரியையே பிரவுசரிடம் தருகிறது.

பரிகாரம் எளிது. இணைப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, முகவரியை நகலெடுத்து, பிரவுசரில் ஒட்டுங்கள். கடைசியில் முற்றுப்புள்ளி ஒட்டியிருந்தால் நீக்குங்கள். தளம் நடத்தும் அன்பர்கள், வேர்டு வந்து கேட்கும்போது மட்டும் திருப்பிவிடாமல் ஒரு வெற்றுப் பக்கம் கொடுத்தால், எல்லோருக்கும் தொல்லை தீரும்.