மூட்டையில் வாங்கிய சத்து எங்கே போகிறது?

உழவர் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதம் என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் மீதி 54 சதம் என்ன? மண்ணா, உப்பா, கலப்படமா?" என்று கேட்பார்கள். காசு கொடுத்து வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. இதற்கான விடை உங்கள் வீட்டிலேயே, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அணு, மூலக்கூறு என்று பிள்ளை படிக்கும் பாடம் நீங்கள் வயலில் தூவும் உரத்தைப் பற்றியதும்தான். அதைச் சற்றே புரிந்துகொண்டால் உரம் வாங்கும்போது எது சிக்கனம், இடும்போது எங்கே நட்டம் என்பவை தெளிவாகும்.

அணுவும் அதன் எடையும்

உலகிலுள்ள பொருள்கள் எல்லாம் சில அடிப்படைப் பொருள்களால் ஆனவை. இவற்றைத் தனிமங்கள் என்கிறோம். இரும்பு, செம்பு, கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை தனிமங்கள். இதுவரை 118 தனிமங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றில் பயிருக்கு இன்றியமையாதவை 17. கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பயிருக்குக் கிடைத்துவிடுகின்றன. மீதி 14-ஐ மண்தான் கொடுக்க வேண்டும். நாம் தழைச்சத்து என்பது நைட்ரஜன், மணிச்சத்து பாஸ்பரஸ், சாம்பல் சத்து பொட்டாசியம்.

ஒரு தனிமத்தின் தன்மை மாறாத மிகச் சிறிய துகளே அணு. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனித்தனி எடை உண்டு என்று 1808-இல் நூல் எழுதி விளக்கியவர் ஜான் டால்டன். இவர் இங்கிலாந்தில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்து பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். எல்லாவற்றிலும் லேசானது ஹைட்ரஜன் அணு. அதன் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் கரியின் எடை 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, கந்தகம் 32, துத்தநாகம் ஏறக்குறைய 65. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் கணக்குகளுக்கு இவையே படிக்கல்.

அணுக்கள் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து மூலக்கூறுகளாக இருக்கின்றன. சேர்ந்தபின் குணம் அடியோடு மாறிவிடும். ஹைட்ரஜன் தானே எரியும் வாயு. ஆக்சிஜன் எரிவதற்குத் துணை செய்யும் வாயு. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தால் கிடைப்பதோ நெருப்பை அணைக்கும் நீர்!

மீதி 54 சதம் என்ன?

யூரியாவின் ஒரு மூலக்கூறில் கரி அணு 1, ஆக்சிஜன் அணு 1, நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் அணு 4 உள்ளன. எடையைக் கூட்டுவோம். கரி 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 4. மொத்தம் 60. இந்த 60-இல் நைட்ரஜன் 28. அதாவது நூற்றுக்கு 46.67. மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பதன் விளக்கம் இதுதான். மீதியில் ஆக்சிஜன் சுமார் 27 சதம், கரி 20 சதம், ஹைட்ரஜன் 7 சதம். இதில் மண்ணும் இல்லை, கலப்படமும் இல்லை. சுத்தமான யூரியாவிலும் தழைச்சத்து 46.67 சதத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே, 50 சதம் தழைச்சத்துள்ள யூரியா என்று எவராவது விற்க வந்தால் அது பொய் என்று அறிந்துகொள்ளலாம்.

"மற்றவை வேண்டாம், நைட்ரஜனை மட்டும் மூட்டையில் தரக் கூடாதா?" என்று கேட்கலாம். தனி நைட்ரஜன் ஒரு வாயு. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. ஆனால் காற்றில் இரண்டிரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் ஆற்றல் பயிருக்கு இல்லை. உளுந்து, நிலக்கடலை போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்களுக்கு அந்த ஆற்றல் உண்டு. மனிதன் இதைக் கற்றது மிகவும் பின்னரே. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். 1913-இல் அந்நாட்டின் ஓப்பாவ் என்ற ஊரில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. கடும் வெப்பமும் கடும் அழுத்தமும் கொடுத்துத்தான் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நைட்ரஜனே நம் மூட்டையில் உள்ளது. அதை மறுபடியும் காற்றிலே விடுவது எத்தனை பெரிய வீண்!

வாங்கும்போது செய்ய வேண்டிய கணக்கு

உரம் வாங்கும்போது மூட்டையின் எடையைப் பார்ப்பது போதாது. அதிலுள்ள சத்தின் எடையைப் பார்க்க வேண்டும். யூரியா மூட்டை முன்பு 50 கிலோவாக இருந்து 2018 முதல் 45 கிலோவாயிற்று. 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 20.5 சதம் அளவே. ஆகவே ஒரு மூட்டை யூரியா தரும் தழைச்சத்தைப் பெற ஏறக்குறைய 100 கிலோ அம்மோனியம் சல்பேட் வேண்டும். ஆனால் அதில் கந்தகமும் நூற்றுக்கு 23 பங்கு அளவில் சேர்ந்து கிடைக்கிறது. கந்தகக் குறையுள்ள நிலத்தில் எண்ணெய் வித்துப் பயிருக்கு அது வீண்போகாது.

துத்தநாக சல்பேட் வாங்குவோர் மேலும் கவனிக்க வேண்டும். கடையில் இது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு வகையில் ஒவ்வொரு மூலக்கூறுடனும் ஏழு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கையில் எடுத்தால் ஈரமே தெரியாது. ஆயினும் 100 கிலோவில் 44 கிலோ நீர்தான். இதில் துத்தநாகம் 21 சதம். மற்ற வகையில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு. துத்தநாகம் 33 சதம். முதல் வகையில் 10 கிலோ வேண்டிய இடத்தில் இரண்டாம் வகை 6.4 கிலோ போதும். விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அணு அழிவதில்லை

வேதியியலில் உழவர் மனத்தில் பதிய வேண்டிய விதி ஒன்று உண்டு. வேதி மாற்றத்தில் அணு பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. இடமும் கூட்டாளியும்தான் மாறுகின்றன. 20.7 கிலோ நைட்ரஜனை வயலில் இட்டால் அந்த 20.7 கிலோவும் எங்கேயோ இருந்தாக வேண்டும். ஒரு பங்கு பயிருக்குப் போகும். ஒரு பங்கு மண்ணின் அங்ககப் பொருளில் தங்கும். மீதி காற்றிலோ தண்ணீரிலோ போய்விடும். நெல் வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே அந்தப் பயிர் எடுத்துக்கொள்கிறது. ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்து எடுக்கிறது. ஒரு மூட்டையில் 10 கிலோ வீணானால், அரை டன் நெல்லுக்கு வேண்டிய சத்து கைநழுவிப் போனது என்று பொருள்.

எப்படி நழுவுகிறது?

மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேஸ் என்ற நொதி நீரோடு சேர்த்து உடைக்கிறது. சில நாட்களில் ஒரு யூரியா மூலக்கூறு இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாகவும் ஒரு கரியமில வாயு மூலக்கூறாகவும் மாறுகிறது. அம்மோனியா ஒரு வாயு. யூரியா மேல்மண்ணிலோ தேங்கிய நீரிலோ கிடந்தால் அது காற்றோடு போய்விடும். இது முதல் நட்டம். களர் நிலத்தில் இந்த நட்டம் மிகுதி.

மண்ணுக்குள் இருந்தால் அம்மோனியா அங்குள்ள ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியம் நேர் மின்சுமை கொண்டது. களிமண் துகள்களோ எதிர் மின்சுமை கொண்டவை. எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்க்கும். ஆகவே களிமண் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கிறது.

ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர் மின்சுமை கொண்டது. அதனைக் களிமண் பிடிக்காது. பாய்ச்சும் நீரோடு அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். மணற்பாங்கான நிலத்தில் இது மிகுதி. கிணற்று நீரிலும் நைட்ரேட் சேர்வதற்கு இது ஒரு காரணம். இது இரண்டாம் நட்டம். நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாத ஆழத்துக்கு நைட்ரேட் சென்றால், வேறு சில நுண்ணுயிர்கள் அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றிவிடும். இது மூன்றாம் நட்டம். ஆலையில் அரும்பாடுபட்டு அவிழ்த்த கட்டு மறுபடியும் விழுந்து, நைட்ரஜன் வந்த வழியே திரும்பிப் போகிறது.

நட்டத்தைக் குறைக்கும் வழிகள்

1. நெல் வயலில் நீர் நிறைந்திருக்கும்போது யூரியாவைத் தூவக் கூடாது. நீரை வடித்துச் சேற்றுப் பதத்தில் இட்டு, ஒரு நாள் கழித்து நீர் பாய்ச்ச வேண்டும். கலந்து மிதித்துவிட்டால் இன்னும் நல்லது.

2. தோட்டக்கால் பயிருக்கு உரத்தை மேலாகத் தூவி விடாமல், செடியின் பக்கத்தில் இட்டு மண்ணால் மூட வேண்டும். மூடியதும் லேசாக நீர் விடலாம். வெள்ளமாகப் பாய்ச்சக் கூடாது.

3. மொத்தமாக இடாமல் பிரித்து இட வேண்டும். நடவு நெல்லுக்கு அடியுரமாக ஒரு பங்கும், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகியவற்றில் ஒவ்வொரு பங்கும் என நான்கு சம பாகமாக இடலாம். மணற்பாங்கான நிலத்துக்கு இது மிக அவசியம்.

4. யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இடலாம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தை வேம்பிலுள்ள பொருள்கள் குறைக்கின்றன. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு விதித்ததன் காரணமும் இதுதான். கலந்த உரத்தை நாட்கணக்கில் இருப்பு வைக்க வேண்டாம்.

5. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14 நாள் முதல் வாரம் ஒரு முறை இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3-க்கும், மற்ற ரகங்களுக்கு எண் 4-க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டும் தழைச்சத்து இட்டால் போதும்.

கலக்கக் கூடாதவை

அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. ஆகியவற்றைச் சுண்ணாம்புடன் கலக்கக் கூடாது. சுண்ணாம்பு அம்மோனியத்தை அம்மோனியா வாயுவாக மாற்றிவிடும். சத்து கண்ணெதிரே காற்றில் போகும். அவ்வாறே துத்தநாக சல்பேட்டை சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களோடு கலக்க வேண்டாம். துத்தநாகமும் பாஸ்பேட்டும் கூடி நீரில் எளிதில் கரையாத பொருளாகிவிடும். சத்து மண்ணிலேயே இருந்தும் பயிருக்கு எட்டாது.

பிள்ளைகளோடு செய்து பார்க்க

ஒரு சிட்டிகை அம்மோனியம் சல்பேட்டுடன் சிறிது ஈரச் சுண்ணாம்பைச் சேர்த்துக் குச்சியால் தேயுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அதுவே அம்மோனியா. மூக்கருகில் கொண்டுபோகாமல் தள்ளி வைத்தே முகர வேண்டும். யூரியாவில் இதைச் செய்தால் அந்த நெடி உடனே வராது. அதிலுள்ள நைட்ரஜன் இன்னும் அம்மோனியமாக மாறவில்லை. யூரியாவைச் சிறிது நீரில் கரைத்தால் பாத்திரம் குளிர்ந்துவிடும். சோதனைக்குப் பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிள்ளை புத்தகத்தில் படிக்கும் அணு எடைக் கணக்கை ஒரு நாள் உர மூட்டையை வைத்துப் போடச் சொல்லுங்கள். பாடம் அதற்கு மறக்காது. உங்களுக்கும் மூட்டைக்குள் இருப்பது விளங்கும். வாங்கிய சத்து அழிவதில்லை. அது நெல்லாகிக் களத்துக்கு வருவதும் காற்றாகிப் போவதும் உரம் இடும் முறையைப் பொறுத்தது. மண்ணை ஆய்வு செய்து, அளவறிந்து, தருணமறிந்து இட்டால் உழவர் பெருமக்கள் உரச் செலவைக் குறைத்து நல்ல மகசூல் பெறலாம்.