தேதி தவறாத கைக்கடிகாரங்கள்

மணியும் நிமிஷமும் காட்டுவது கடிகாரத்துக்கு அத்தனை சிரமமான காரியமன்று. ஒரே சீராகச் சுழலும் சக்கரங்களுக்கு ஒரே சீரான கணக்கு எளிதில் வசப்பட்டுவிடும். தேதியைக் காட்டச் சொல்லும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. ஜனவரிக்கு 31 நாள், ஏப்ரலுக்கு 30, பிப்ரவரிக்கு 28, அதுவும் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை 29 என்று, 1582-ஆம் வருஷம் பதின்மூன்றாம் கிரிகோரி என்ற போப்பாண்டவர் திருத்தியமைத்து, பிற்பாடு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அந்த நாட்கணக்கின் கோணல்களை, பல்லைப் பல் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் அறியாத பித்தளைச் சக்கரங்களுக்குக் கற்பித்தாக வேண்டும். அந்த வித்தையைச் சட்டைப் பையில் அடங்கும் கடிகாரத்துக்குள் செய்து காட்டியவர், 1762-ஆம் வருஷ வாக்கில் லண்டனில் தொழில் நடத்திய தாமஸ் மட்ஜ் என்பவர். மணிக்கட்டில் கட்டும் அளவுக்கு அது சுருங்கி வர, அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இப்படிச் சுருங்கி வந்த பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்பது இன்று உலகத்துச் செல்வர்கள் பலருக்குப் பெரும் பித்தாகவே ஆகிவிட்டது.

நாட்காட்டிக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே தரமானவை என்று எண்ணிவிடக் கூடாது. 1940-களிலும் 1950-களிலும் ஸ்விட்சர்லாந்தின் கம்பெனிகள் பல, கிழமை, தேதி, மாதம் மூன்றையும் காட்டும் கடிகாரங்களைச் செய்து விற்றன. சிலவற்றில் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையும் ஒரு சிறு சாளரத்தில் தெரியும். ஆனால் இவற்றுக்கு எல்லா மாதமும் 31 நாள் மாதந்தான். ஆகவே 31-க்குக் குறைந்த நாட்களையுடைய ஐந்து மாதங்களின் முடிவிலும், வருஷத்துக்கு ஐந்து முறை, உடையவரே கைவைத்துத் தேதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதையும் லீப் வருஷத்தையும் தானே அறிந்து நடந்துகொள்வது, 'நிரந்தர நாட்காட்டி' என்று பெயர் பெற்ற உயர்ந்த ஜாதி.

அந்த யந்திரத்தின் சூட்சுமத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். நள்ளிரவு நெருங்கும் சமயத்தில் ஒரு நெம்புகோல் மெல்ல அசைந்து, 31 பற்களுள்ள தேதிச் சக்கரத்தை ஒரு பல் தள்ளுகிறது. அதே அசைவில் கிழமைச் சக்கரமும் ஒரு பல் நகர்கிறது. இந்த நெம்புகோலிலிருந்து நீண்டிருக்கும் ஓர் அலகு, அருகிலுள்ள ஒரு தகட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறது. நான்கு வருஷத்தில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும் அந்தத் தகட்டின் விளிம்பில், 48 மாதங்களுக்கு 48 இடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 31 நாள் மாதத்துக்கு விளிம்பு மேடாக இருக்கும். 30 நாள் மாதத்துக்குச் சிறு பள்ளம். பிப்ரவரிக்கு ஆழ்ந்த பள்ளம். நான்கு பிப்ரவரிகளில் ஒன்றுக்கு மட்டும் அந்தப் பள்ளத்தின் ஆழம் மயிரிழையளவு குறைவு. இருட்டில் படியிறங்குகிறவன் அடுத்த படி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென்று காலால் தடவி அறிவதைப்போல, அலகு பள்ளத்தின் ஆழத்தை அறிகிறது. ஆழம் எவ்வளவோ அவ்வளவுக்கு நெம்புகோலின் வீச்சும் நீளுகிறது. பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு அந்த நீண்ட வீச்சு, தேதிச் சக்கரத்தை ஒரே தள்ளில் நான்கு பல் கடக்கச் செய்து, மார்ச் 1-இல் கொண்டுவந்து நிறுத்துகிறது. நான்கு வருஷத்து ஞாபகம் முழுவதும் ஓர் உலோகத் தகட்டின் மேடு பள்ளங்களில் அடங்கிவிட்டது என்பதை எண்ணும்போது, இதைக் கற்பனை செய்தவனின் புத்தியை வியக்காமலிருக்க முடியவில்லை.

சந்திரனுக்கு வழி இதைவிட எளியது. அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் என்பதால், இரண்டு சந்திரன்களை வரைந்த வட்டுக்கு 59 பற்கள் வெட்டினால் போதும். நிஜச் சந்திரன் அந்த இருபத்தொன்பதரையைக் காட்டிலும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அதிகம் எடுத்துக்கொள்வதால், இரண்டரை வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஒரு நாள் பிசகு சேர்ந்துவிடும். 'நிரந்தர' என்ற பெயரும் ஓரளவு உபசார வார்த்தைதான். நான்கால் வகுபட்டாலும் 2100 லீப் வருஷமாகாது என்ற விதியை அந்த 48 மாதத் தகடு அறியாது. அந்த வருஷம் பிப்ரவரி முடிவில் இந்தப் பழைய கடிகாரங்கள் அத்தனையும் 29 என்று காட்டி நிற்கும்.

கைக்கடிகாரத்தில் இந்த யந்திரம் புகுந்த கதை விசித்திரமானது. பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்கென்று 1898-இல் செய்து வைத்த ஒரு சின்னஞ்சிறு நிரந்தர நாட்காட்டி யந்திரத்தை, ஜெனீவாவின் படேக் ஃபிலிப் கம்பெனியார் 1925-இல் எடுத்துக் கைக்கடிகாரக் கூட்டில் பொருத்தினார்கள். அதை 1927-இல் தாமஸ் எமரி என்ற அமெரிக்கர் வாங்கினார். இப்போது அது அந்தக் கம்பெனியின் காட்சிசாலையில் இருக்கிறது. அதே கம்பெனி 1941-இல், ஐரோப்பா யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, நிரந்தர நாட்காட்டியையும், வேண்டியபோது ஓட்டி வேண்டியபோது நிறுத்தும் காலமானியையும் ஒன்றுசேர்த்து, 1518 என்ற எண்ணுள்ள மாதிரியை வெளியிட்டது. அது நிறுத்தப்படும்வரை செய்யப்பட்டவை 281 மட்டுமே. அதற்கு வாரிசாக வந்த 2499 என்ற மாதிரி 1951 முதல் 1985 வரை நீடித்தும் 349-ஐத் தாண்டவில்லை. வருஷத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

1518-இல் பெரும்பாலானவை பொன்னாலானவை. வெறும் எஃகுக் கூட்டில் இருப்பவையாக நான்கே நான்கு தெரிய வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் என்ற ஏலக் கம்பெனியாரிடம் ஏலத்துக்கு வந்து, ஒரு கோடியே பத்து லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குச் சற்று மேலான கிரயத்துக்குப் போயிற்று. உள்ளே இருக்கும் யந்திரம் பொன்னுக்கும் எஃகுக்கும் ஒன்றுதான். பொன்னைவிட இரும்பு விலை ஏறிய இந்த வேடிக்கையைப் புரிந்துகொண்டவனுக்குச் சேகரிப்போரின் சாஸ்திரத்தில் பாதி புரிந்துவிட்டதென்று சொல்லலாம்.

யந்திரத்தின் சாமர்த்தியமே விலையை நிர்ணயிக்குமானால், ஓடமார் பிகே கம்பெனி 1955-இல் தொடங்கிச் செய்த 5516 என்ற மாதிரிக்குத்தான் நான் முதல் மரியாதை செய்வேன். அதற்கு முந்திய நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரங்கள் லீப் வருஷத்தை அறிந்திருந்தும் அதை உடையவனிடம் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தன. நின்றுபோன கடிகாரத்தை மறுபடி சரிசெய்யும்போது, எந்தப் பிப்ரவரியை நோக்கி அது போய்க்கொண்டிருக்கிறதென்று முகத்தைப் பார்த்து அறிய வழியில்லை. அதை டயலிலேயே எழுதிக்காட்டிய முதல் கைக்கடிகாரம் 5516, செய்யப்பட்டவை ஒன்பது.

ஆனால் ஏலக்கூடத்தில் கதைக்கு இருக்கும் மதிப்பு வேறு. வியட்நாமின் கடைசிச் சக்கரவர்த்தி பாவோ தாய், தம் தேசத்தின் தலைவிதியை வல்லரசுகள் ஜெனீவாவில் கூடிப் பேசிக்கொண்டிருந்த 1954-ஆம் வருஷத்தில், அந்நகரத்துக் கடையிலே ஒரு ரோலக்ஸ் வாங்கினார். 6062 என்ற மாதிரி. கறுப்பு டயலில் வைரங்கள் பதித்தது. யந்திர நோக்கில் அது வருஷத்துக்கு ஐந்து முறை கைவைத்துத் திருத்த வேண்டிய ஜாதியைச் சேர்ந்ததே. 2017-இல் விற்ற கிரயமோ ஐம்பது லட்சம் பிராங்குக்கு மேல். சீனத்தின் கடைசிச் சக்கரவர்த்தி பூ யீயின் படேக் ஃபிலிப் இன்னும் விநோதமானது. ரஷ்யர்களின் சிறைக்காவலில் இருந்தபோது, டயல் பிளாட்டினமா என்று பார்ப்பதற்காக வேலைக்காரனைக் கொண்டு அதைச் சுரண்டச் செய்தாராம். இல்லையென்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தச் சொன்னாராம். சுரண்டிய டயலோடேயே அது 2023-இல் ஹாங்காங்கில் நான்கு கோடியே எண்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் ஹாங்காங் டாலருக்கு விலைபோயிற்று. வேறு எந்தக் கடிகாரத்திலும் அந்தக் கீறல் பெரும் பழுதாகவே எண்ணப்பட்டிருக்கும்.

ஏனெனில் மற்ற எல்லாக் கடிகாரங்களிலும் சேகரிப்போர் முதலில் பார்ப்பது டயலைத்தான். அக்காலத்து உயர்ந்த டயல்களில் எழுத்துகளை வெள்ளித் தகட்டில் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் எனாமலை நிரப்பிச் சூளையில் சுட்டார்கள். அதனால் அவை பல வருஷம் கழித்தும் கறுத்துத் தெளிவாக நிற்கும். ஆனால் டயலைப் பளிச்சென்று ஆக்க வேண்டுமென்ற ஆசையில் அசிரத்தையாகத் தேய்த்தால், எழுத்தின் மெல்லிய கோடுகள் உதிர்ந்துபோகும். பிறகு புது எழுத்து எழுதினாலும், பூதக்கண்ணாடியின்கீழ் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கூட்டுக்கும் இதே கதிதான். பாலிஷ் போடப் போட அதன் விளிம்புகள் மழுங்கி, பின்புறத்துப் பொன் முத்திரைகள் தேய்ந்து, கடைசியில் மினுமினுப்பு மட்டுமே மிஞ்சும். இவற்றுக்கு அப்பால், யந்திரத்தின் எண்ணும் கூட்டின் எண்ணும் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதிவேட்டிலிருந்து செய்த தேதியையும் விற்ற தேதியையும் எழுதித் தரும் வழக்கத்தைப் படேக் ஃபிலிப் போன்ற கம்பெனிகள் வைத்திருக்கின்றன. கோடிகள் கைமாறும் இடத்தில் இத்தனை சந்தேகம் அவசியமே என்பது என் அபிப்பிராயம்.

கோடிகளுக்கு எட்டாத நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் இடம் உண்டு. யூனிவர்சல் ஜெனீவ், மோவாடோ, ரெக்கார்டு முதலிய கம்பெனிகள் 1940-களில் செய்த, கிழமை தேதி மாதம் காட்டும் கடிகாரங்கள் இன்னும் அந்த உச்ச விலைகளைத் தொடவில்லை. யந்திரத்தின் ருசியை அறிய அவையே போதும். அப்படி ஒன்று பழைய பெட்டியிலிருந்து உங்கள் கைக்கு வந்தால் அதற்குப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். டயலைப் புதுப்பிக்கச் சம்மதிக்காதீர்கள். முக்கியமாக, முள் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் நிற்கும்போது தேதியைத் திருத்தும் பொத்தானை அழுத்தவே வேண்டாம். அந்த நேரத்தில் நெம்புகோல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அழுத்தினால் பல் உடையும், உடைந்த பல்லுக்கு மாற்று எங்கும் கிடைப்பது அரிது.