இயேசு ஏன் குதிரையில் வராமல் கழுதையில் வந்தார்? குருத்தோலை ஞாயிறு சொல்லும் சேதி என்ன?

நம்ம ஊரில் ஒருவரைத் திட்ட வேண்டும் என்றால் சட்டென்று வாயில் வருவது 'கழுதை'. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறன்று, உலகம் முழுவதும் கிறிஸ்தவர்கள் ஓலை ஏந்திப் பவனி போவது, கழுதை மேல் ஏறி வந்த ஒருவரை நினைத்துத்தான். அவர் ஏன் அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தார்? பார்க்கலாம்.

அன்று என்ன நடந்தது?

பஸ்கா பண்டிகை நெருங்கிய நேரம். எருசலேம் நகரம் முழுக்க கூட்டம். ஒலிவ மலை அருகே வந்த இயேசு, சீடர்கள் இரண்டு பேரை அனுப்பி, ஊருக்குள் கட்டியிருக்கும் கழுதைக்குட்டியை அவிழ்த்து வரச் சொல்கிறார். அதுவரை யாருமே ஏறாத குட்டி அது என்கிறார்கள் மாற்குவும் லூக்காவும். இரவல் வாங்கிய அந்தக் குட்டி மேல்தான் அவர் நகரத்துக்குள் நுழைகிறார். நான்கு நற்செய்திகளிலும் இந்தக் காட்சி உண்டு.

கழுதை என்றால் கேவலமா?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். பழங்கால இஸ்ரவேலில் கழுதைச் சவாரி அவமானம் இல்லை. யாவீர் என்ற நியாயாதிபதியின் 30 மகன்களும் 30 கழுதைகளில் வலம் வந்தார்கள் என்கிறது நியாயாதிபதிகள் புத்தகம். சாலொமோன் முடிசூட்டிக்கொள்ளப் போனது தாவீது ராஜாவின் கோவேறு கழுதையில்.

அப்படின்னா குதிரை? அது போருக்கானது. ரதத்தில் பூட்டுவதற்கும், படை நடத்துவதற்கும். வரப்போகும் ராஜா சாந்தமாகக் கழுதையில் வருவார் என்று சகரியா 9-ம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே ரதங்களும், போர்க் குதிரைகளும், வில்லும் இல்லாமல் போகும், தேசங்களுக்குச் சமாதானம் வரும் என்கிறது. மத்தேயுவும் யோவானும் இந்தத் தீர்க்கதரிசனத்தைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்.

ரோம் ஆட்சியின் கீழ் இருந்த கூட்டம் அவரை ராஜா என்று வாழ்த்துகிறது. அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் நான் சண்டைக்கு வரவில்லை என்பதை, ஏறி வந்த வாகனத்தின் மூலமே சொல்லிவிட்டார்.

தீர்க்கதரிசி பார்க்காததைப் பார்த்த கழுதை

எண்ணாகமம் 22-ல் இன்னொரு கழுதை வருகிறது. இஸ்ரவேலரைச் சபிக்க மோவாப் ராஜா பாலாக் அழைக்க, பிலேயாம் கழுதையில் கிளம்புகிறார். வழியில் உருவிய வாளோடு தேவதூதன் நிற்கிறான். பிலேயாமுக்குத் தெரியவில்லை, கழுதைக்குத் தெரிகிறது. முதலில் வயலுக்குள் விலகுகிறது, அப்புறம் சுவரோடு ஒட்டுகிறது, விலக இடமே இல்லாதபோது படுத்துவிடுகிறது. மூன்று முறையும் அடிதான்! கடைசியில் அது வாய் திறந்து, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறது. அது மட்டும் விலகியிருக்காவிட்டால் உன்னைக் கொன்றிருப்பேன் என்கிறான் தூதன். அடி வாங்கியதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

குடிலில் கழுதை எப்படி வந்தது?

கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் கழுதையும் கட்டாயம் இருக்கும். ஆனால் இயேசு பிறந்த காட்சியைச் சொல்லும் நற்செய்திகளில் இரண்டுமே கிடையாது. மாடும் கழுதையும் தங்கள் எஜமானை அறியும், மக்களோ அறியவில்லை என்ற ஏசாயா 1-ம் அதிகாரத்தின் வருத்தத்தை வைத்தே பின்னால் வந்தவர்கள் குடிலில் அவற்றைச் சேர்த்தார்கள்.

கடைசியாக ஒன்று...

யாத்திராகமம் 23-ல் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடந்தால், கண்டும் காணாமல் போகாதே, தூக்கிவிட உதவு என்கிறது அது. பகைவனை நோக்கிக் குதிரையில் போனால் போர். விழுந்து கிடக்கும் அவன் கழுதையைத் தூக்கக் குனிந்தால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஞாயிறு எருசலேமுக்குள் நுழைந்தது இந்தச் சமாதானம்தான்.