குண்டு போட்டும் மூழ்க மறுத்த கியாஸ் கப்பல்! டோக்கியோ அருகே 33 பேரை பலி கொண்ட பயங்கரம்

டோக்கியோ வளைகுடாவில் 1974-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி மதியம் 2 கப்பல்கள் 'டமார்' என்று மோதிக்கொண்டன.

ஒன்று, யுயோ மாரு-10. சவுதி அரேபியாவில் இருந்து வந்த ஜப்பான் கப்பல். வயிறு நிறைய கியாஸ். மற்றது பசிபிக் ஆரெஸ். இரும்புச் சரக்கு ஏற்றிய லைபீரியக் கொடிக் கப்பல்.

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டும் பற்றி எரிந்தன. இரும்புக் கப்பலில் இருந்த 29 பேரில் தப்பியது ஒரே ஒருவர்! கியாஸ் கப்பலில் 5 பேர் செத்தார்கள்.

கியாஸ் அல்ல, நாப்தா!

கியாஸ்தான் முதலில் பற்றியிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை. கப்பலின் நடு டேங்குகளில் புரொபேன், பியூட்டேன்; நம் அடுப்பில் எரிகிறதே, அதே சமாச்சாரம். பக்கத்து டேங்குகளில் நாப்தா. பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்கும். மோதலில் விலா கிழிந்து நாப்தா கொட்டியது. கடலே எரிந்தது.

கப்பலை வெளிக்கடலுக்கு இழுத்துப் போனார்கள். ஜப்பான் தற்காப்புப் படை பீரங்கியால் சுட்டது. விமானம் குண்டு போட்டது. நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. நவம்பர் 28-ந்தேதிதான் ஒருவழியாக முழுகியது.

இவ்வளவு கியாஸ் இருந்தும் முதல் வெடியிலேயே கப்பல் ஏன் தூள் தூளாகவில்லை?

கியாஸ் தனியாக எரியாது. காற்று வேண்டும், அதுவும் அளவாக. 100 பங்கு கலவையில் புரொபேன் சுமார் 2 பங்குக்குக் குறைந்தால் பற்றாது. 9½ பங்கைத் தாண்டினாலும் பற்றாது. நிறைந்த டேங்குக்குள் காற்று ஏது? வெளியே கசிந்து, காற்றோடு கலக்கிற இடத்தில்தான் எரியும்.

காலி டேங்க்தான் எமன்

சரக்கை இறக்கிய பிறகுதான் ஆபத்து. மிச்சம் இருக்கும் கியாசில் காற்றை நேரே விட்டால், கலவை அந்தப் பொல்லாத அளவைக் கடந்துதான் போக வேண்டும். அந்த நேரம் ஒரு பொறி போதும், கதை முடிந்தது. ஆகவே முதலில் நைட்ரஜன் போல எரியாத வாயுவை அனுப்பி கியாசை விரட்டுவார்கள். காற்று அப்புறம்தான்.

1986 ஜூலையில் அமலுக்கு வந்த சர்வதேச விதிப்படி, கியாஸ் டேங்கை கப்பலின் வெளித்தகட்டில் இருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும். கசிவு, பற்றும் அளவில் 100-க்கு 30 பங்கை எட்டினாலே அபாய மணி அலற வேண்டும்.

வீட்டு சிலிண்டரில் அடிக்கும் நாற்றம், கண்டுபிடிப்பதற்காகச் சேர்க்கிற மருந்து. கப்பலில் வரும் கியாசுக்கு பெரும்பாலும் வாசனையே கிடையாது. காற்றை விட கனம் வேறு. பள்ளம் பார்த்து பதுங்கிக்கொள்ளும். மூக்கை நம்பி அங்கே எவரும் டேங்குக்குள் கால் வைப்பதில்லை. மீட்டரை இறக்கி, அடி வரை சோதித்த பிறகுதான் ஆள் இறங்குவார்.