ஒரே வர்ணத்தில் ஒரு சித்திரம்

தஞ்சாவூர்ச் சித்திரம் என்றதும் தங்க ரேக்கும் பதித்த கற்களும் நம் மனக்கண்ணில் ஜொலிக்கின்றன. வர்ண ஜாலமும் திட்டமான உருவமும் இல்லாமல் சித்திரம் உண்டோவெனில், உண்டென்போம். கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் (1867–1938), 1920-களிலேயே கறுப்பும் வெளுப்புமாக ஒளியையும் நிழலையும் கோணங்களாக உடைத்துத் தீட்டிக் காட்டினார்.

நனைத்த காகிதத்தில் கறுப்பு நீர்வர்ணத்தைப் பரவவிட்டு, ஈரம் உலருமுன் உப்பைத் தூவினால், ஒவ்வொரு பரலும் வெளிறிய பூவொன்றை விட்டுச் செல்லும். மெழுகு தேய்த்த இடத்தில் வர்ணம் ஒட்டாது. வரையாமலே வரப்பின் சாயல் தோன்றும்.

காவிரி வாய்க்காலில் மடை திறக்கும் உழவர் அறிவார்: நீருக்கு வழிகாட்டலாம்; உத்தரவிட இயலாது. இச்சித்திரமும் அத்தகையதே. தங்கம் வாங்க இயலாத வீட்டிலும் உப்பும் மெழுகும் உண்டு. கலை செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நம் குழந்தைகள் இவற்றால் உணரட்டும்.