ஆய்வுகூடக் கழிவும் அதன் பெயர்ச்சீட்டும்

ஜிந்துப்பிட்டியை அடுத்த செட்டியார் தெரு பொன்னுக்குப் பேர்போனது. பொற்கொல்லர் பட்டறையிற் கூட்டிய குப்பையையும் எளிதில் எறிந்துவிடார். அதிற் பொற்றுகள் கலந்திருக்கும் என்பதை அவர் அறிவார். ஆய்வுகூடக் கழிவுக்கோ அத்தகைய மதிப்பில்லை. அதனாலேயே பரிசோதனை முடிந்ததும் எஞ்சிய திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவது நெடுங்கால வழக்கமாயிற்று. நீரை மிகுதியாக விட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்ற எண்ணமே அவ்வழக்கத்திற்கு ஆதாரம்.

அவ்வெண்ணத்தின் பிழையைக் காட்டச் சோடியம் ஏசைட்டு ஒன்றே போதும். உயிரியல் ஆய்வுகூடங்களிற் கரைசல்கள் கெடாதிருத்தற்பொருட்டு இது சிறிதளவு சேர்க்கப்படும். தொட்டிவழியே இறங்குங்கால் ஈயக் குழாய்களோடும் செப்புக் குழாய்களோடும் தாக்கமுற்று, அதிர்ச்சியால் வெடிக்கத்தக்க சேர்வைகளாகப் படிந்துவிடும். பின்னொருநாள் அடைப்பெடுக்க வந்த தொழிலாளியின் கருவி பட்டுக் குழாய் வெடித்த நிகழ்ச்சிகள் உள. ஊற்றியவர் ஒருவர்; காயமுற்றவர் வேறொருவர்.

தொட்டியை விடுத்துப் போத்தலிற் சேர்ப்பினும் கண்டபடி சேர்த்தல் ஆகாது. நைத்திரிக்கமிலம் எஞ்சிய போத்தலில் அற்ககோலை ஊற்றி மூடினால், வாயு பெருகிப் போத்தல் சிதறும். சயனைட்டுக் கரைசலுடன் அமிலம் கலப்பின் கொடிய நச்சுவாயு எழும். குளோரீன் கொண்ட கரைப்பான்களை ஏனையவற்றோடு கலவாது தனியே வைத்தல் வேண்டும். ஆகவே, ‘கழிவு’ என்று மட்டும் எழுதிய சீட்டு எழுதாத சீட்டுக்கு ஒப்பானதே. உள்ளிருக்கும் பொருள்கள், அவற்றின் அளவு, சேர்த்த நாள் ஆகியவை அதிற் காணப்படல் வேண்டும்.

பொருளின் இயல்பு மறக்கப்பட்டால் நேர்வது யாது? தில்லிப் பல்கலைக்கழக இரசாயனத்துறையில் கோபாற்று 60 கொண்ட கதிர்வீச்சுக் கருவியொன்று 1985 முதல் பயன்படாது கிடந்தது. அது இரசாயன நஞ்சன்று. எனினும் அது சென்ற வழி ஆய்வுகூடக் கழிவு செல்லும் வழியே. 2010 பெப்ருவரியில் அக்கருவி பழைய இரும்பாக ஏலத்தில் விலைபோயிற்று. மாயாபுரிச் சந்தையில் அதனை உடைத்தோர் தாம் உடைப்பது இன்னதென்று அறியார். கோபாற்று 60 ஏறக்குறைய 5.3 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகும். அவ்வாறு நான்கு தடவைக்கு மேற் குறைந்தும் எஞ்சியது பலரைத் தாக்கிற்று. ஏப்பிரலில் ஒருவர் இறந்தார். கருவியை ஆராய்ச்சிக்கு வாங்கிய தலைமுறை அறிந்திருந்த செய்தி, ஏலத்திற்கு அனுப்பிய தலைமுறையை எட்டவில்லை. களஞ்சிய அறைகளில் எழுத்தழிந்த போத்தல்கள் இல்லாத கல்லூரிகள் எத்தனை?

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவுகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுகின்றன. புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இத்தகைய கழிவுகள் எரிக்கப்படுகின்றன. சீமெந்துச் சூளையினுள் மூலப்பொருள் அடையும் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சேதனக் கரைப்பான்கள் சிதைந்தழியும். உடைந்த வெப்பமானியின் இரசம் அதற்கு ஏற்றதன்று. அழியாது ஆவியாய் வெளியேறும். அதனைத் துடைப்பத்தாற் கூட்டாது, துளிகளை உறிஞ்சியெடுத்து, இறுக மூடிய போத்தலில், பெயரும் நாளும் எழுதித் தனியே வைத்தல் வேண்டும்.